சோளத்தில் எந்தக் கனியுப்பு எங்கே தங்குது? (இலை, கணு, தண்டு, மணி)

கோண்டாவில்_தோட்டம்:
வணக்கம். பயிர் பூத்த நேரம் எடுத்த இலைச் சோதனை அறிக்கையைக் கீழே தாறன். செம்பாட்டு மண், பீஎச் 7.8, கிணத்து இறைப்பு, இடைவெளி 60 × 30 செ.மீ.

நைதரசன் 2.9%, பொசுபரசு 0.41%, பொற்றாசியம் 1.3%, கல்சியம் 0.74%, மகனீசியம் 0.31%. இரும்பு 640, மங்கனீசு 38, நாகம் (துத்தநாகம்) 14, செம்பு 7. கடைசி நாலும் கிலோவுக்கு மில்லிகிராம்.

மூண்டு கேள்வி. இரும்பு இவ்வளவு இருக்க மேல் இலை ஏன் வெளிறிக் கோடு விழுது? தண்டை நெடுக்காகப் பிளந்தால் அடிக்கணு மண்ணிறமாக இருக்கு, அது இரும்பா, நோயா? பொத்தி முறிச்ச பிறகு தடியை மாட்டுக்குக் குடுத்தால் காணியிலிருந்து என்ன போகும்?

ஆய்வுகூடப்_பூனை:
எந்த இலை அனுப்பினீங்கள்? கழுவினீங்களா? எந்தப் பையில் போட்டீங்கள்? இந்த மூண்டும் தெரியாமல் அந்த எண்களை வாசிக்க ஏலாது.

கோண்டாவில்_தோட்டம்:
கீழிருந்து மூண்டாவது இலை. கழுவேல்லை. கடைப் பையில் கட்டி அடுத்த நாள் குடுத்தது.

ஆய்வுகூடப்_பூனை:
அப்ப இரும்பு 640 என்பது பெரும்பாலும் உங்கட காணி மண். செம்பாட்டு மண்ணின் சிவப்பே இரும்பு ஒட்சைட்டுத்தான். இறைப்பிலும் மழையிலும் தெறிச்சுக் கீழ் இலையில் ஒட்டின தூசி கொஞ்சம் காணும், வாசிப்பு நூற்றுக்கணக்கில் ஏறும். அதே மாதிரியில் அலுமினியத்தையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கோ. இரண்டும் சேர்ந்து உயர்ந்திருந்தால் மண்தான்.

எடுக்க வேண்டிய இலை, பொத்தி முளைக்கிற கணுவின் இலை. பொத்தியில் மயிர் வெளிவந்து, அது மண்ணிறமாகிக் காய முதல் எடுக்கவேணும். ஒரு காணியில் 15 முதல் 25 செடி, ஒரு செடிக்கு ஒரு இலை. வரம்போரம், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம் எல்லாத்தையும் விட்டுவிடுங்கோ. செடி முழங்காலுக்குக் கீழ் நிற்கிற பருவமெண்டால் கதை வேறு: நிலத்துக்கு 2, 3 செ.மீ. மேலே முழுச் செடியையும் வெட்டவேணும். இரண்டுக்கும் இடைப்பட்ட பருவத்தில், கழுத்து (இலைப்பரப்பு மடலோடு சேருகிற இடம்) முழுதாகத் தெரியிற மேல் இலை.

பச்சையாக இருக்கும்போதே காய்ச்சி வடிச்ச தண்ணியில் சில செக்கன் அலசுங்கோ. ஊற விட்டால் பொற்றாசியம் தண்ணிக்குள் கழன்று போகும், அது எந்தச் சேர்வையிலும் கட்டுப்படாமல் கலச்சாற்றில் மிதக்கிற அயன். நாகமுலாம் பூசின தகர வாளி வேண்டாம். பொலித்தீன் பையில் இலை வேர்த்து அவியும், அவியும்போது உலர்நிறை குறையும், மிச்சச் சத்தின் வீதம் பொய்யாகக் கூடும். காகிதப் பையில் போட்டு 65 முதல் 70 பாகை செல்சியசில் 48 மணித்தியாலம் உலர்த்த வேணும்.

இன்னொண்டு. பக்கத்துப் பாத்தியில் வெங்காயத்துக்கு மங்கோசெப் அடிக்கிறார்களா? அந்தப் பூசணநாசினியிலேயே மங்கனீசும் நாகமும் இருக்கு. காத்தில் வந்து படிந்தால் சோள இலையில் இரண்டும் நிறைவாக இருக்கிறமாதிரிக் காட்டும், தண்ணியில் கழுவினாலும் முழுக்கப் போகாது.

கோண்டாவில்_தோட்டம்:
மங்கோசெப் அடிக்கிறவைதான். ஆனால் நாகம் 14தானே வந்திருக்கு?

ஆய்வுகூடப்_பூனை:
அதுதான் அந்த அறிக்கையில் நம்பக்கூடிய ஒரே எண். தூசியும் மருந்தும் நாகத்தைக் கூட்டிக் காட்டுமே தவிரக் குறைக்காது. எல்லாம் ஒட்டியும் 14 எண்டால் உண்மையான அளவு அதுக்கும் கீழே. பொத்தி இலையில் 20க்கு மேல் இருக்கவேணும்.

பொசுபரசு 0.41%ஐயும் பாருங்கோ. நாகம் குறைந்த செடி பொசுபரசை அளவுக்கு மேல் இழுத்து முதிர்ந்த இலையில் குவிக்கும். அதைப் பார்த்து "அடியுரம் காணும்" எண்டு நினைப்பார்கள். ரி.எஸ்.பி. (பொசுபரசு உரம்) ஏற்கெனவே கூடிப்போன காணிகளில் இது வழக்கமான சோடி.

சங்கானைச்_சந்தி:
இந்தியாவிலிருந்து வாசிக்கிற ஆக்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே சோளம், சோளன் எண்டால் உங்கட மக்காச்சோளம். உங்கட சோளம் எங்களுக்கு இறுங்கு. மாட்டுத்தீன் பற்றிக் கதைக்கப் போகினம், இந்த இடத்தில் மாறி விளங்கினால் ஆபத்து. இளம் இறுங்கில் சயனைட்டு வாற சேர்வை இருக்கு. மக்காச்சோளத்தில் பயப்பட வேண்டியது நைத்திரேற்றுக்கு.

காழும்_உரியமும்:
எது எங்கே தங்கும் என்பதைத் தனித்தனியாகப் பாடமாக்கத் தேவையில்லை. ஏறி வந்த வாகனம் எது, இறங்கின பிறகு திரும்ப ஏற முடியுமா என்ற இரண்டைக் கேட்டால் பெரும்பாலான விடை வந்துவிடும்.

வேரிலிருந்து எல்லாமே காழ் (தண்ணீர் ஏறும் குழாய்) வழியாகத் தண்ணீரோடு ஏறுகின்றன. ஆவியுயிர்ப்பு (செடி தண்ணீரை ஆவியாக விடுவது) எங்கே கூடவோ அங்கே கூட வந்து இறங்கும். கல்சியம் அப்படி இறங்கினால் கலச்சுவரிலேயே தங்கிவிடும், உரியத்தில் (இலையின் உணவைக் கொண்டுபோகும் குழாய்) ஏறித் திரும்பாது. ஆகவே இலை முதிர முதிர அதில் கல்சியம் கூடும். கீழ் இலையில் 0.74% வந்தது இதனால்தான். அதே நேரம் பொத்திக்குள் மூடிக் கிடக்கும் மணி ஆவியுயிர்ப்பதில்லை, அதற்கு உணவு உரியம் வழியாகத்தான் போகிறது. அதனால் மணியில் கல்சியம் 0.02%கூட வராது. போரனும் சோளத்தில் திரும்பி ஓடாத இனம். தண்ணீர் பயணம் முடியும் இடமான இலை நுனியிலும் விளிம்பிலும் குவியும், மிகையானால் முதலில் எரிவதும் அங்கேதான்.

நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், மகனீசியம் நான்கும் திரும்ப ஏறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி கீழ் இலையை உருவி மேல் இலைக்குக் கொடுக்கும். கீழ் இலையில் நுனியிலிருந்து நடுநரம்பு வழியே ஆங்கிலத்து வீ எழுத்துப்போல் மஞ்சள் உள்ளே வந்தால் நைதரசன். விளிம்பு கருகினால் பொற்றாசியம். நரம்பிடையில் கோடாக வெளிறினால் மகனீசியம். ஆகவே உங்கள் 1.3% பொற்றாசியம் செடியின் பற்றாக்குறையா, உருவப்பட்ட கிழ இலையின் இயல்பா என்று சொல்ல முடியாது. பொத்தி இலையில் 1.7%க்குக் கீழ் வந்தால் மட்டும் கவலைப்படலாம்.

சிலிக்கன் ஏறினால் இறங்காது. இலையின் மேற்றோலில் கண்ணாடிபோலப் படிந்துவிடும். சோள இலை கையை அறுப்பது அதனால்தான்.

இரும்பும் மேல் இலை வெளிறுவதும்: சோளம் புல்லினம், வேரிலிருந்து மியூஜினிக் அமில வகைச் சேர்வையை வெளிவிட்டு மண்ணிலுள்ள இரும்பைக் கவ்வி, அந்தச் சேர்வையோடேயே உள்ளே இழுக்கும். அந்த வாசல் பழுதான மஞ்சள் வரிச் சோளத்தை 1929இலேயே விவரித்துவிட்டார்கள், அதற்குரிய மரபணு 2001இல் அடையாளம் காணப்பட்டது. சுண்ணக்கல் மேல் கிடக்கும் மண்ணில் இன்னொரு சிக்கலும் உண்டு: இரும்பு இலைக்குள் வந்தும் கலத்துக்குள் போகாமல் வெளியே தங்கிவிடலாம். மொத்த இரும்பு போதும் என்று அறிக்கை சொல்லும், இலை மஞ்சளாகவே நிற்கும். இதனால் மொத்த இரும்பை வைத்து வெளிறல் நோயைத் தீர்மானிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நிறக் கோட்டை வடிவாகப் பாருங்கள். இளம் இலையின் நரம்பிடை, அடியிலிருந்து நுனி வரை முழு நீளத்துக்கும் வெளிறினால் இரும்பு. இலையின் அடிப்பாதியில், நடுநரம்புக்கும் விளிம்புக்கும் இடையில் அகலமான வெள்ளைப் பட்டி விழுந்தால் நாகம். உங்கள் எண்ணுக்கு இரண்டாவது பொருந்தும்.

கணுப்பிளப்பான்:
இரண்டாம் கேள்விக்கு வாறன். கணுவில் இரும்பு படிகிறது புதுக்கதை இல்லை. அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஹோபர் என்பவர் 1920களில் இதை ஒரு வயற்சோதனையாகவே ஆக்கினார். தண்டை நெடுக்காகப் பிளந்து, கணுவில் ஐதான ஐதரோகுளோரிக்கமிலமும் பொற்றாசியம் தயோசயனேற்றுக் கரைசலும் விட்டால், இரும்பு படிந்த இடம் இரத்தச் சிவப்பாகும். கணு கடுஞ்சிவப்பாக வந்தால் செடிக்குப் பொற்றாசியம் குறைவு என்பது அவரின் வாசிப்பு.

கணுவில் ஏன்? கணு ஒரு சந்தி. கீழிருந்து வாற கலன்கட்டுகள் (காழும் உரியமும் சேர்ந்த கட்டுகள்) அங்கே ஒண்டோடொண்டு பிணைஞ்சு, இலைக்கும் பொத்திக்கும் மேல் தண்டுக்கும் பிரியும். எல்லாச் சரக்கும் அங்கே வாகனம் மாறவேண்டிக் கிடக்கு, மாறாதது அங்கேயே கிடக்கும்.

செய்யிறவர்கள் பிழைவிடுகிற இடங்கள்: சாதாரண இரும்புக் கத்தியால் வெட்டினால் கத்தியின் துருவே சிவக்கும். கறுக்காத உருக்குக் கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்கவேணும். நிலத்தோடு ஒட்டின கணுவில் மண் இருக்கும், அதை விட்டு அதுக்கு மேல் இரண்டு மூண்டு கணுவைப் பாருங்கோ. ஒரே ஒரு செடியை வெட்டி முடிவெடுக்காமல், நல்ல செடி 5, வாடின செடி 5 எண்டு பக்கத்தில் பக்கத்தில் வைச்சு ஒப்பிடுங்கோ. நிறம் வர இரண்டு மூண்டு நிமிசம் குடுக்கவேணும். தயோசயனேற்றுக்குப் பக்கத்தில் புளீச்சிங் பவுடர் கொண்டுபோகக்கூடாது, நச்சுவாயு வரும்.

மாரிமழை:
> கணு கடுஞ்சிவப்பாக வந்தால் செடிக்குப் பொற்றாசியம் குறைவு

இதை இங்கே அப்படியே எடுக்க ஏலாது அண்ணை. அந்தக் காலத்துக் கட்டுரைகளில் இரும்போடு அலுமினியமும் சேர்த்தே பேசப்பட்டது. அலுமினியம் கரைஞ்சு வேருக்கை வாறது பீஎச் 5.5க்குக் கீழே. 7.8இல் அந்தக் கதைக்கே இடமில்லை, இரும்பும் குறைவாகத்தான் கரையும். ஆகவே இங்கே சிவப்பு மங்கலாக வந்தாலும் "பொற்றாசியம் காணும்" எண்டு சொல்லக்கூடாது.

இரும்பு அடைச்சதால செடி விழுந்ததா, பொற்றாசியம் இல்லாமல் கணு இழையம் செத்து அதிலே இரும்பு படிஞ்சதா? நான் இரண்டாவதின் பக்கம்.

அதோடு மண்ணிறக் கணுவெல்லாம் இரும்பும் இல்லை. தண்டழுகலை முதலில் தள்ளிவைக்கவேணும். அடிக்கணுவுக்கு மேல் இரண்டு விரலால் நசியுங்கோ. நசிஞ்சு உள்ளுக்குப் போய், பிளக்க உள்ச்சோறு (தண்டின் நடுச் சதை) நார்நாராகக் கழண்டு இளஞ்சிவப்பாக இருந்தால் பியூசேரியம் பூசணம். நாருக்குள்ளே கரித்தூள் தூவினமாதிரிக் கறுப்புப் புள்ளி இருந்தால் கரியழுகல், அது வெக்கையும் தண்ணித்தட்டுப்பாடும் சேர்ந்தால் வரும். உள்ச்சோறு வெள்ளையாக இறுக்கமாக இருக்க, கணுத் தட்டு மட்டும் மண்ணிறமெண்டால் கணுப்பிளப்பான் சொன்ன பக்கம் யோசிக்கலாம்.

கணுப்பிளப்பான்:
அலுமினியம் பற்றிச் சொன்னது சரி. ஒப்பிடாமல் ஒற்றைத் தண்டைப் பார்க்கக்கூடாது எண்டு நானும் அதுக்குத்தான் சொன்னது.

மாட்டுக்கொட்டில்:
மூண்டாவது கேள்வி. உலர்ந்த சோளந்தடி ஒரு தொன் போனால் ஏறத்தாழ 12 கிலோ பொற்றாசியம் போகும், எம்.ஓ.பி. (பொற்றாசியம் குளோரைட்டு உரம்) கணக்கில் 24 கிலோ. பொசுபரசு ஒரு கிலோவுக்குக் கிட்ட. மணி ஒரு தொன்னில் இது தலைகீழ்: பொசுபரசு 3 கிலோ, ரி.எஸ்.பி. 15 கிலோவுக்குச் சரி. பொற்றாசியம் மூண்டரைக் கிலோதான். மணியும் தடியும் ஒரே நிறை எண்டால், இரண்டிலும் உள்ள பொசுபரசில் நாலில் மூண்டு பங்கு மணியில், பொற்றாசியத்தில் நாலில் ஒண்டுக்கும் குறைவு.

ஏக்கருக்கு 2 தொன் மணி விளைஞ்சால், 16 பரப்பு ஒரு ஏக்கர் எண்டபடி, பரப்புக்கு 125 கிலோ மணியும் கிட்டத்தட்ட அதேயளவு தடியும் வரும். தடியைத் தூக்கினால் பரப்புக்கு 3 கிலோ எம்.ஓ.பி. கூடப் போடவேணும். எருவாகத் திரும்பி வருமெண்டு நம்பி இருக்கவேண்டாம். மாட்டுக்குப் போன பொற்றாசியத்தில் பெரும்பங்கு சலத்தோட (சிறுநீரோட) வெளியே போகும். கொட்டில் தரையில் சலத்தைப் பிடிக்க வைக்கோலோ தும்போ போடாவிட்டால் அது காணிக்கு வராது.

தடியைக் காணியில் விட்டாலும் மழைக்கு முதல் விடுங்கோ. காய்ஞ்ச தடியிலிருந்து பொற்றாசியத்தை மழைத்தண்ணியே கழுவி மண்ணுக்குள் இறக்கும், அழுகும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இனி நைத்திரேற்று. இதைத்தான் இங்கே கவனமாகப் பார்க்கவேணும். நைத்திரேற்று கூடத் தங்கிறது அடித்தண்டில். மேல் தண்டில் குறைவு, இலையில் இன்னும் குறைவு, மணியில் இல்லையெண்டே சொல்லலாம். உலர்நிறையில் நைத்திரேற்று-நைதரசன் (நைத்திரேற்றில் உள்ள நைதரசனின் நிறை மட்டும்) கிலோவுக்கு 1000 மி.கி.க்குக் கீழெண்டால் பொதுவாகப் பயமில்லை. கூடக் கூட மற்றத் தீனோடு கலக்கிற பங்கைக் குறைக்கவேணும், சினைமாட்டுக்கு இன்னும் குறைவாக. 4000க்கு மேல் குடுக்கவே கூடாது. அறிக்கையில் நைத்திரேற்றா, நைத்திரேற்று-நைதரசனா எண்டு பாருங்கோ. இரண்டுக்கும் இடையில் 4.43 மடங்கு. இந்த ஒரு பிழையில் நல்ல தீனைக் கொட்டினதும் நடக்கும், கெட்ட தீனைக் குடுத்ததும் நடக்கும்.

இரைப்பையில் அது நைத்திரைற்று ஆகி, இரத்தத்தில் ஒட்சிசன் காவுகிறதைக் கெடுக்கும். இரத்தம் சொக்கலேற் நிறமாகும், மாடு மூச்சு வாங்கும், தள்ளாடும். உடனே மிருக வைத்தியர். மெதிலீன் நீலம் ஊசி அவர் போடவேண்டியது.

எப்ப கூடும்? நைத்திரேற்றைப் புரதமாக மாத்திற நொதியத்துக்கு வெளிச்சம் வேணும். மாரியில் நாலைந்து நாள் மூட்டமாக இருந்தால் கூடும். வரட்சியில் நின்ற பயிருக்கு மழை விழுந்து முதல் வாரம் மிக மோசம். அந்த நேரம் வெட்டவேண்டாம். வெட்டினால் அடியில் 30 செ.மீ. விட்டு வெட்டுங்கோ. காய வைச்சால் குறையும் எண்டு நினைக்கிறது பிழை, குறையாது. ஊறுகாய்ப்புல்லாக (காத்துப் புகாமல் குழியில் மூடிப் புளிக்க வைக்கிற தீன்) போட்டால் பாதிக்குக் கிட்டக் குறையும், ஆனால் குழியை மூடின முதல் வாரங்களில் மஞ்சள்-மண்ணிறப் புகை வந்தால் கிட்டப் போகவேண்டாம். பசியோட நிற்கிற மாட்டுக்கு முதலில் வைக்கோல், பிறகுதான் சோளந்தடி.

பரப்புக்கணக்கு:
கிணத்தையும் கணக்கில் எடுங்கோ. யாழ்ப்பாணத்து வலிகாமக் கிணறுகளில் நைத்திரேற்று கூடவெண்டு எல்லாருக்கும் தெரியும், குடிக்கிற கதையாக மட்டும் கதைக்கிறம். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லுகிற எல்லை லீற்றருக்கு 50 மி.கி. நைத்திரேற்று, அதாவது 11.3 மி.கி. நைதரசன். அந்த எல்லையில் நிற்கிற தண்ணியை ஒரு போகத்துக்கு 500 மி.மீ. இறைச்சால் ஏக்கருக்கு 2000 கனமீற்றருக்குச் சற்று மேல். அதிலே வாற நைதரசன் 23 கிலோ, கிட்டத்தட்ட ஒரு அந்தர் (ஏறத்தாழ 50 கிலோ) யூரியா. அதுக்கு மேல் வழமையான மேற்கட்டுப் பசளையும் போட்டால் அடித்தண்டில் தேங்காமல் எங்க போகும்?

கையிலெடுத்துப் பார்க்க வழி இருக்கு. மணியின் அடியில் கறுப்புப் படை (மணி முதிர்ந்த அடையாளம்) விழுந்து 1 முதல் 3 கிழமைக்குள், நிலத்திலிருந்து 15 செ.மீ. விட்டு அடுத்த 20 செ.மீ. துண்டை, 10 முதல் 15 செடியில் வெட்டி, மடலை உரிச்சு அனுப்பவேணும். நைத்திரேற்று-நைதரசன் கிலோவுக்கு 250 மி.கி.க்குக் கீழெண்டால் பயிர் பட்டினி கிடந்திருக்கு. 700 முதல் 2000 சரி. 2000க்கு மேலெண்டால் அடுத்தமுறை யூரியாவைக் குறைக்கலாம். இது முடிஞ்ச பயிருக்குப் பிரேத பரிசோதனை, அந்தப் போகத்துக்கு ஒண்டும் செய்யேலாது.

உவர்க்கிணறு:
கரையோரக் காணிக்கு ஒரு வரி சேர்க்கிறேன். சோளம் சோடியத்தை இலைக்கு விடாமல் வேரிலும் அடித்தண்டிலும் இலைமடலிலும் பிடித்துவைக்கும். ஆகவே இலைப்பரப்பில் சோடியம் குறைவாக இருப்பதைப் பார்த்து உவர் இல்லை என்று சொல்ல முடியாது. நீரின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.1 டெசிசீமன்சைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். தூவல் முறையில் இறைத்தால் வேரின் காவலைத் தாண்டி உப்பு நேரே இலைக்குள் போய்விடும், இந்தத் தண்ணீருக்கு வாய்க்கால்தான் நல்லது. குளோரைட்டுக்கு அவ்வளவு காவல் இல்லை, நுனி எரிவது பெரும்பாலும் அதனால். ஏற்கெனவே உவரான இடத்தில் எம்.ஓ.பி.யும் குளோரைட்டுத்தான் என்பதை மறக்கவேண்டாம்.

சங்கானைச்_சந்தி:
ரி.எஸ்.பி.யில் கட்மியம் இருக்கு, சோளத்தில் சேரும் எண்டு ஒரு கதை அடிபடுகுதே?

காழும்_உரியமும்:
பொசுபேற்றுப் பாறையில் கட்மியம் உண்டு, அளவு பாறை எடுத்த இடத்தைப் பொறுத்தது. செடிக்குள் அது பெரும்பாலும் வேரில், பிறகு தண்டில், இலையில், கடைசியாக மணியில். வேர் எவ்வளவு மறிக்கும் என்பது இனத்துக்கு இனம் மாறும். சுண்ண மண்ணில் உள்ளே போவது குறைவு, ஆனால் உவர்த் தண்ணீரின் குளோரைட்டு அதைக் கரைத்து வேருக்குக் கொண்டுவரும். ஈயம் வேரைத் தாண்டுவதே அரிது. தெருவோரச் சோள இலையில் ஈயம் கண்டால் தூசியை முதலில் கழுவிப் பாருங்கள்.

கோழித்தீன்:
மணியைப் பற்றி ஒருத்தரும் உடைச்சுச் சொல்லேல்லை. மணி நிறையில் முளையம் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், ஆனால் கனியுப்பில் முக்கால்வாசி அதுக்குள்ளதான். சோளத்தில் பைற்றேற்றும் (மணி பொசுபரசைச் சேர்த்து வைக்கிற சேர்வை) ஏறத்தாழ முழுக்க முளையத்திலேயே கிடக்கு, நெல்லிலும் கோதுமையிலும்போல் வெளித்தவிட்டில் இல்லை. பொசுபரசு, மகனீசியம், நாகம் எல்லாம் அதோட கட்டுப்பட்டது.

முளை நீக்கின மா வெள்ளையாக இருக்கும், நாள்பட வைக்கலாம், சத்து முளையோடேயே போயிருக்கும். முளையோடு அரைச்ச மா எண்ணெயால் சிக்கல் மணம் பிடிக்கும், இரண்டு கிழமைக்குள் புட்டவிச்சு முடிக்கவேணும். கோழிக்குச் சோளம் குடுக்கிறவை, மணியில் பொசுபரசு 0.3% எண்டு கணக்குப் போட்டு டைகல்சியம் பொசுபேற்றைக் குறைக்கவேண்டாம். பைற்றேற்றுப் பொசுபரசில் பெரும்பங்கு கோழிக்குச் செமிக்காது, தீனில் அதை உடைக்கிற பைற்றேஸ் நொதியம் இருந்தாலொழிய. கல்சியம் மணியில் இல்லாதபடியால் முட்டைக்கோழிக்குச் சிப்பித்தூள் கட்டாயம்.

கோண்டாவில்_தோட்டம்:
எல்லாருக்கும் நன்றி. நசிச்சுப் பார்த்தன், உள்ச்சோறு இறுக்கமாகத்தான் இருக்கு. நாகத்துக்கு இப்ப இலையில் அடிக்கலாமா?

ஆய்வுகூடப்_பூனை:
பூத்த பிறகு அடிச்சு இந்தப் பயிரில் பெரிசாக ஒண்டும் மீளாது. அடிக்கிறதுக்குச் சரியான நேரம் நட்டு மூண்டாம் நாலாம் கிழமை, வெள்ளைப்பட்டி தெரிஞ்ச உடனே. 16 லீற்றர்த் தாங்கிக்கு நாகசல்பேற்று 80 கிராம், நீறின சுண்ணாம்பு 40 கிராம். இரண்டையும் வேறுவேறாகக் கரைச்சு, சுண்ணாம்புத் தெளிவை வடிச்சுச் சேருங்கோ. சுண்ணாம்பில்லாமல் அடிச்சால் இலை பொசுங்கும். வடிக்காமல் ஊத்தினால் முனை அடைக்கும்.

அடுத்த போகத்துக்கு மண்ணில் போடுறதெண்டால் ஏழு நீர் மூலக்கூறுள்ள நாகசல்பேற்று ஹெக்டயருக்கு 25 கிலோ, பரப்புக்கு 630 கிராம். ஒரு நீர் மூலக்கூறுள்ளதில் நாகம் அதன் ஒண்டரை மடங்குக்குச் சற்று மேல், பரப்புக்கு 400 கிராம் காணும், பையில் வீதத்தைப் பார்த்து வாங்குங்கோ. ரி.எஸ்.பி.யோட ஒரே வாளியில் கலக்கவேண்டாம், நாகம் பொசுபேற்றாகக் கட்டிவிடும். ஒருக்கால் போட்டால் இரண்டு மூண்டு போகத்துக்கு நிற்கும்.

மருந்தடிச்ச இலையைச் சோதனைக்கு அனுப்பாதேங்கோ. அடிச்ச பிறகு விரிஞ்ச இலையை எடுங்கோ. பொத்தி இலை, அலசி, காகிதப் பையில்.